பள்ளி உளவியலாளர் பார்க்க வேண்டுமாம்: கையெழுத்துப் போடலாமா?

கோவைக்கிளி | சனி, காலை 9.12

மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள ஒரு தனியார் தொடக்கப் பள்ளி. நேற்று டயரியில் ஒரு தாளை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். "தங்கள் மகனைப் பள்ளி உளவியலாளர் வகுப்பறையில் கவனிக்கவும், தேவைப்பட்டால் தனியே சந்திக்கவும் சம்மதிக்கிறேன்" என்று இரண்டு வரி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஏன், எதற்கு என்று ஒரு சொல் இல்லை. வகுப்பு ஆசிரியையைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டால், "பயப்பட ஒன்றுமில்லை அம்மா, எல்லோருக்கும் செய்வதுதான்" என்கிறார். எல்லோருக்கும் என்றால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏன் தாள் வரவில்லை?

பையன் வாய் ஓயாமல் பேசுவான். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை எவ்வளவு என்று எனக்கு முன்பே சொல்லிவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வேறு ஆள். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான். கரும்பலகையில் இருப்பதில் பாதிதான் நோட்டுக்கு வந்து சேர்கிறது. ஞாயிறு இரவானால் "நாளைக்கு லீவா அம்மா?" என்று கேட்கிறான். திங்கள் காலையில் வயிற்றுவலி.

வீட்டில் ஒரே ரகளை. "என் பேரனுக்கு என்ன பைத்தியமா?" என்று மாமியார் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. "கையெழுத்துப் போட்டால் கோப்பில் ஏறிவிடும், பிறகு அழிக்க முடியாது" என்கிறார் கணவர். திங்கட்கிழமை தாளைத் திருப்பித் தர வேண்டும். தொடக்கப் பள்ளியில் உளவியலாளர் என்னதான் செய்கிறார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய பஞ்சாங்கம் | சனி, காலை 9.40

நான் படித்த வகுப்பில் அறுபது பேர். ஒரு வாத்தியார், ஒரு பிரம்பு. யாருக்கும் உளவியலாளர் தேவைப்படவில்லை. இப்போது பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்தால்கூட ஒரு நிபுணர் வேண்டியிருக்கிறது. அடுத்த வருடக் கட்டண ரசீதில் இதற்கென்று ஒரு வரி சேரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பையனை உட்காரவைத்து அரை மணி நேரம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள் அம்மா. போதும்.


கடைசி வரிசை | சனி, பகல் 11.55

கோவைக்கிளி அவர்களுக்கு. பதினோரு ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளிகளில் இந்த வேலையைத்தான் செய்கிறேன், சென்னையில். உங்கள் பள்ளியையும் பையனையும் நான் அறியேன். ஆகவே அவனுக்கு என்ன என்று சொல்ல மாட்டேன். இந்த வேலை எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு பிள்ளையின் பெயரை ஆசிரியர் கொடுத்தவுடன் அவனை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைப்பதில்லை. முதலில் நான்தான் அவன் வகுப்புக்குப் போவேன். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன் (என் புனைபெயர் அங்கிருந்து வந்தது, அந்தச் சின்ன நாற்காலிகளால் முதுகுவலியும் வந்தது). கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறானா? ஆசிரியர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, முகத்தைப் பார்த்தால்தான் புரிந்துகொள்கிறானா? எந்தப் பாடவேளையில் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்கிறான்? பிறகு விளையாட்டு இடைவேளை. வகுப்பில் ஒரு மணி நேரத்தில் தெரியாதது மைதானத்தில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து கண், காது. இந்த இரண்டையும் மருத்துவரிடம் காட்டாமல் வேறு எந்தப் பேச்சும் பேசக் கூடாது என்பது என் பிடிவாதம். சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளைக்கு மாதக்கணக்கில் பாதிச் சொற்கள்தான் கேட்கும். "சொன்னதைக் கேட்பதே இல்லை" என்று ஆசிரியர் எழுதுவார். எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை!

ஒருமுறை "எப்போதும் பகல்கனவு" என்று ஒரு சிறுமியை அனுப்பினார்கள். பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து வினாடி உறைந்து நிற்பாள், இமை மட்டும் துடிக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஒரு காலையில் ஆறு முறை எண்ணினேன். குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம். கை கால் வெட்டாமல் வருகிற வலிப்பு அது. கவனக் குறைவு என்று அவளுக்கு ஒரு வருடம் திட்டு விழுந்திருந்தது.

இன்னொன்று. இரண்டாம் வகுப்பில் மூன்று சிறுமிகளுக்கு மதியத்துக்குப் பிறகு தினமும் வயிற்றுவலி. "பதற்றமா பாருங்கள்" என்றார்கள். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. மூவரும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் நான் செய்த உருப்படியான உளவியல் பணி ஒரு தாழ்ப்பாள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் தனிச் சந்திப்பு, சோதனைகள் எல்லாம். பெரும்பாலும் அவை தேவைப்படுவதே இல்லை. என் நேரத்தில் பெரும்பகுதி பெரியவர்களோடுதான் போகிறது. இந்தப் பையனை இரண்டாம் வரிசைக்கு மாற்றுங்கள், வாய்விட்டு வாசிக்க வகுப்பின் நடுவில் எழுப்பாதீர்கள், பத்துக் கணக்குக்குப் பதில் ஆறு கொடுங்கள் என்று ஆசிரியரிடம் மன்றாடுவது. தம்பி பிறந்த பிறகுதான் படுக்கையை நனைக்கிறான், அடிக்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்வது.

அந்த வயிற்றுவலி பொய்யல்ல. பிள்ளைக்கு உண்மையிலேயே வலிக்கும். அது சனிக்கிழமை வருகிறதா என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள்.


கோவைக்கிளி | சனி, பகல் 12.20

சனிக்கிழமை வருவதில்லை. இன்று காலை எட்டு இட்லி.


ரயில்வே காலனி | சனி, பிற்பகல் 2.05

தாழ்ப்பாள் கதை அழகாக இருக்கிறது. என் கதையையும் கேளுங்கள்.

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதே போல் ஒரு தாள் வந்தது. கையெழுத்துப் போட்டோம். ஏழு பக்க அறிக்கை வந்தது, உள்ளே ஒரு எண். எதற்கு என்று புரியவில்லை. ஜனவரியில் முதல்வர் அழைத்து, "உங்கள் பெண்ணுக்கு இங்கே சிரமம், அவளுக்கு ஏற்ற சூழல் வேறு பள்ளியில் கிடைக்கும்" என்றார். கையில் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு. ஏப்ரலில் மாற்றுச் சான்றிதழ். நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டதாகக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினோம். அன்றைக்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை.

கடைசி வரிசை அவர்களே, ஒரே கேள்வி. உங்களுக்குச் சம்பளம் தருவது யார்?


நீதிமன்ற வராந்தா | சனி, பிற்பகல் 3.30

ரயில்வே காலனி, உங்களுக்கு நடந்தது சட்டத்துக்குப் புறம்பானது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. 2019 திருத்தம் தேர்ச்சி விஷயத்தைத்தான் மாற்றியது, வெளியேற்றத் தடை அப்படியே இருக்கிறது. "நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்பது அதைச் சுற்றிக்கொண்டு போகிற பழைய குறுக்கு வழி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லும் பிரிவு 16 தான் (தற்செயல், ஆனால் நினைவில் வைக்க வசதி): அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து, கற்பிக்கும் முறையில் அதற்கு வழி செய்ய வேண்டும். கண்டறிந்து அனுப்பிவிடு என்று எங்கும் இல்லை. அந்தச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று.

பிரம்பைப் பற்றிப் பெருமையாக எழுதிய ஐயாவுக்கு: அது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17. உடலை அடிப்பதற்கு மட்டுமன்று, மனத்தைத் துன்புறுத்துவதற்கும் தடை.

உளவியலாளர் தேவையா என்று இனி விவாதிப்பதிலும் பயனில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலை தொடர்பான வழக்கில் கொடுத்த வழிகாட்டுதல்படி, 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவராவது இருந்தாக வேண்டும்.


சாக்பீஸ் | சனி, மாலை 6.15

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஐந்து வகுப்பு, 34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். 100 என்ற அந்தக் கணக்குக்குள் நாங்கள் வரவே மாட்டோம். உளவியலாளர் என்று ஒருவரை எங்கள் வாசலில் நான் கண்டதில்லை.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். நல்ல பெண். அவருக்கு எங்களைப் போல் இன்னும் பல பள்ளிகள், இடையில் மினிபஸ். நடக்க முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போக வேண்டும். அவர் இல்லாத நாளில் எல்லாம் நானே.

ஒரு தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் இரண்டு பாடவேளையும் மேசையில் தலை சாய்த்துக் கிடப்பான். "ஆர்வமின்மை" என்று பதிவேட்டில் எழுதினேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல். அவன் தலை மேசையிலிருந்து எழுந்துவிட்டது. அந்தப் பதிவேடு இன்னும் பீரோவில் இருக்கிறது.

போன வருடம் செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி சேர்ந்தாள். மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. ஊமையோ என்று சத்துணவு அக்கா கேட்டார். ஒருநாள் தம்பி அழுதபோது கொல்லைப்புறத்தில் அவனிடம் பேசுகிறாள் பாருங்கள், அருவி மாதிரி. மொழி தெரியாமல் இருப்பதற்கும் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் சொல்ல எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.


ஒண்டாரியோ அப்பா | சனி, இரவு 8.48

சாக்பீஸ் சொன்ன ஆள் பற்றாக்குறையும் மொழிச் சிக்கலும் இங்கே கனடாவிலும் இருக்கின்றன. பள்ளிக் குழுமம்தான் உளவியலாளரை வைத்திருக்கும். ஒருவருக்குப் பல பள்ளிகள். மதிப்பீட்டுக்கான காத்திருப்பு நீளம். அவசரமென்றால் வெளியே ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். நாங்கள் கொடுத்தோம்.

சோதனை ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டில் மகன் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். "குடை என்றால் என்ன?" என்கிற மாதிரி ஒரு கேள்விக்கு அவனுக்குப் பதில் தமிழில்தான் வந்திருக்கிறது, ஆங்கிலச் சொல் தெரியவில்லை, மௌனமாக இருந்துவிட்டான். நல்லவேளையாக அந்த அம்மையார் அதைக் கவனித்து, சொல் சார்ந்த பகுதிக்கு எண் போடாமல் "இது இவனுடைய திறனைக் காட்டாது" என்று எழுதினார். வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் அந்த எண்ணே அவன் தலையெழுத்தாகியிருக்கும்.

மற்றபடி இங்கே எனக்குப் பிடித்த ஒன்று: பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் என்று ஒரு தாள் போடுவார்கள். அதில் எழுதியிருப்பதெல்லாம் பள்ளி செய்ய வேண்டியவை.


கடைசி வரிசை | சனி, இரவு 10.30

ரயில்வே காலனி அவர்களுக்கு முதலில். சம்பளம் தருவது பள்ளி நிர்வாகம். இந்த வேலையில் முள் குத்துகிற இடம் அதுதான். பிள்ளைக்காகப் பேச வேண்டியவள், ஆனால் மாதக் கடைசியில் நிர்வாகத்தின் கையை எதிர்பார்க்கிறவள்.

நானும் ஒருமுறை அப்படி எழுதியிருக்கிறேன். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ. "இப்பள்ளியின் கற்பித்தல் வேகம் இக்குழந்தைக்குப் பொருந்தவில்லை." எழுதும்போது பள்ளியைக் குறை சொல்வதாகத்தான் நினைத்தேன். நிர்வாகம் அதைப் பிள்ளையைக் குறை சொல்வதாகப் படித்துக்கொண்டது. அடுத்த ஜூனில் அந்தப் பையன் வகுப்பில் இல்லை. அதற்குப் பிறகு என் அறிக்கையில் ஒவ்வொரு வரியும் "ஆசிரியர் இதைச் செய்வார், பள்ளி இதை ஏற்பாடு செய்யும், பெற்றோர் இதைச் செய்வார்கள்" என்றுதான் முடியும். நகல் முதலில் பெற்றோருக்கு. அதன் பிறகுதான் முதல்வருக்கு. இதற்காக ஒரு பள்ளியில் என்னை அடுத்த வருடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

அந்த "எண்" பற்றி, அதாவது ஐ.க்யூ. 1904-இல் பிரெஞ்சு அரசு அமைத்த குழு ஒன்றில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே இருந்தார். பள்ளியில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்காக அவரும் அவரோடு வேலை செய்த சிமோனும் 1905-இல் அறிவை அளக்கும் அளவுகோலை வெளியிட்டார்கள். அறிவு மாறாத ஒன்று என்பதை பினே ஒப்புக்கொண்டதே இல்லை. அந்த அளவுகோலின் வழியில் காமத் என்பவர் நம் நாட்டுக்கென்று அமைத்த பினே-காமத் சோதனையும், மாலின் என்பவர் வேறோர் அளவுகோலைத் தழுவி அமைத்த சோதனையும்தான் இன்றும் நம்மூரில் பரவலாகக் கையாளப்படுகின்றன. அவற்றில் வருகிற எண்ணை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் அதற்கென்றே ஒரு சோதனைத் தொகுப்பு வைத்திருக்கிறது. எட்டு வயதுக்கு முன்பு யாராவது உறுதியாக முத்திரை குத்தினால் சந்தேகப்படுங்கள். ஆறு வயதில் எழுத்தை இடவலம் மாற்றி எழுதாத பிள்ளை உண்டா?

கோவைக்கிளி, உங்கள் பையன் தமிழில் தடுமாறுகிறானா, ஆங்கிலத்திலா, இரண்டிலுமா? தமிழை எளிது என்று நினைத்துவிடுகிறோம், எழுதியபடியே வாசிக்கிறோம் என்பதால். "கொ" என்ற எழுத்தை ஒரு பிள்ளையின் கண்ணால் பாருங்கள். முதலில் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய்க்கு முதலில் வர வேண்டியது க். நடுவில் நிற்கும் எழுத்தில் தொடங்கி, முன்னும் பின்னும் இருப்பதைச் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். நமக்குப் பழகிவிட்டது. சில பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பிலும் அது ஒவ்வொரு முறையும் புதிர்தான். ன, ண, ந, ர, ற, ல, ள, ழ வேறு. இந்தப் பிள்ளைகளை அரை மணி நேரம் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால், அரை மணி நேரம் தோற்றுப் பழகுவார்கள். பழைய பஞ்சாங்கம் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆள் யார் என்றும் கேளுங்கள். கவுன்சிலிங் பட்டயம் ஆறு மாதத்தில் கிடைக்கிறது, பள்ளிகள் எல்லோரையும் உளவியலாளர் என்றே அழைக்கின்றன. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. மாத்திரை எழுதித் தர எங்களுக்கு அதிகாரமில்லை, அது மனநல மருத்துவர் வேலை. யாராவது தந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பிள்ளை என்னிடம் சொன்னது எல்லாம் ஆசிரியர் அறைக்குப் போகாது. விதிவிலக்கு ஒன்று: யாராவது தன்னைத் தகாத முறையில் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது, கூடாது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19. தெரிந்தும் சொல்லாவிட்டால் எனக்கே தண்டனை. இதைப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் முதல் நாளே சொல்லிவிடுவேன்.


ரயில்வே காலனி | சனி, இரவு 11.05

ஒப்புக்கொண்டதற்கு நன்றி. கோபம் தீரவில்லை. ஆனால் "பள்ளி இதை ஏற்பாடு செய்யும்" என்ற ஒரு வரியாவது எங்கள் அறிக்கையில் இருந்ததா என்று இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஏழு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.


பழைய பஞ்சாங்கம் | ஞாயிறு, காலை 6.10

எனக்குக் கோபமில்லை. கொ பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் சரியாக இல்லை. எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். "மக்கு" என்பதே பெயராகிவிட்டது, சொந்தப் பெயர் எனக்கு இப்போது நினைவுக்கு வரவில்லை. பம்பரம் சுற்றுவதில் அவனை யாரும் வெல்ல முடியாது. வெயிலில் கூழாங்கல் மேல் முட்டி போட்டு நிற்பான். ஐந்தாம் வகுப்போடு காணாமல் போனான். அறுபது பேரும் தேறினோம் என்று நேற்று எழுதவில்லையே தவிர, நினைப்பு அதுதான்.

கட்டணம் ஏறும் என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.


சாக்பீஸ் | ஞாயிறு, காலை 7.30

கடைசி வரிசை அவர்களுக்கு ஒரு கேள்வி. உங்களைப் போல் ஒருவர் இல்லாத பள்ளியில், நாளைக்குக் காலையில் நான் ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் எது?


கடைசி வரிசை | ஞாயிறு, காலை 9.00

எந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலையோ அந்தப் பிள்ளையை ஒரு வாரம், நாளுக்கு இரண்டு நிமிடம் பார்த்து எழுதுங்கள். "சோம்பேறி", "முரடன்" என்ற சொற்கள் கூடாது. "10.20க்கு எழுந்து ஜன்னலுக்குப் போனான், 10.25க்குத் தானாகத் திரும்பி வந்தான்" என்கிற மாதிரி மட்டும். வாரக் கடைசியில் சிறப்புப் பயிற்றுநர் வரும்போது அந்தத் தாளைக் கொடுங்கள். அவருக்கு மினிபஸ்ஸில் போகிற நேரம் மிச்சமாகும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-ஐச் சுவரில், அவர்கள் கண் உயரத்தில் எழுதிவையுங்கள். பல பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறையில் தொங்குகிறது.


கோவைக்கிளி | வியாழன், இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. கையெழுத்துப் போட்டேன், ஆனால் கோட்டுக்குக் கீழே என் கையால் இரண்டு வரி சேர்த்தேன்: எந்தக் காரணத்துக்காக என்று எழுத்தில் தர வேண்டும், அறிக்கையின் நகல் முதலில் எங்களுக்கு வர வேண்டும். அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். உளவியலாளர் மாலையில் தானே அழைத்தார். பதிவு எண்ணையும் நான் கேட்கும் முன்பே சொன்னார். எழுத்துப் பிழைகளின் வகையைப் பார்த்து ஆசிரியைதான் பெயர் கொடுத்தாராம்.

கண் மருத்துவரிடம் காட்டினோம். இடக் கண்ணில் சிறிய பவர், கண்ணாடி வரும். "பார்த்தாயா, அவ்வளவுதான் விஷயம்" என்று கணவர் முடித்துவிடப் பார்க்கிறார். கொ, கோ, கௌ மூன்றையும் பெரிதாக எழுதிக் காட்டினேன். அதிலும் தடுமாறினான். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும்தான். அடுத்த வாரம் புதன்கிழமை சந்திப்பு. மாமியாரும் வருகிறாராம், கேட்க ஒரு கேள்வி இருக்கிறதாம், என்ன என்று எங்களிடம் சொல்ல மாட்டாராம். என்ன கொண்டுபோக வேண்டும்?


கடைசி வரிசை | வியாழன், இரவு 9.50

கண் மருத்துவர் சீட்டு. பழைய நோட்டுகள், முதல் வகுப்பிலிருந்து, அழித்து எழுதிய பக்கங்கள் உட்பட. அவன் வரைந்த படம் ஏதாவது. பிறந்தபோது எடை, எப்போது பேசத் தொடங்கினான், வீட்டில் வேறு யாருக்காவது படிப்பில் சிரமம் இருந்ததா என்று கேட்பார்கள், யோசித்து வையுங்கள். அவனிடம் "ஒரு மிஸ் உன்னோடு பேசி விளையாடுவார், மதிப்பெண் இல்லை" என்று சொன்னால் போதும். வீட்டில் பயிற்சி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.


கோவைக்கிளி | வியாழன், இரவு 10.15

நோட்டுகளை மே மாதமே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். முதல் வகுப்புத் தமிழ் நோட்டு ஒன்று மட்டும் மாமியாரின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறதாம்.